பேசாப்படக் காலம் – 14: மேபல் நின்ற இடம்

சென்ற இதழில் சாப்ளினை நடைபாதைக் கல்லின்மேல் உட்காரவைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்தே தொடர்வோம்.

1914ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வெளியே ஒரு சாலை. கீஸ்டோன் கம்பெனி அங்கே 'மேபல் அட் த வீல்' என்ற இரண்டு ரீல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. மோட்டார் பந்தயக் கதை. சாலையில் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் காரைச் சறுக்கவைக்க வேண்டிய வேடம் சாப்ளினுக்கு. அவர் ஒரு யோசனை சொன்னார். குழாயின்மேல் தானே காலை வைத்து மிதித்துக்கொள்வது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது. காலை எடுத்ததும் முகத்தில் தண்ணீர் பாய்வது. படத்தின் இயக்குநர் கேட்கவில்லை. நேரமில்லை, சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்றார். எனக்குச் சொல்லித்தர உங்களுக்குத் தகுதி இல்லை என்று சாப்ளின் திருப்பிச் சொல்லிவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

அந்த இயக்குநர்தான் மேபல் நார்மண்ட். படத்தின் கதாநாயகியும் அவரே. வயது 21. சாப்ளினுக்கு 24.

இந்தச் சம்பவம் சாப்ளின் 1964இல் வெளியிட்ட சுயசரிதையில் விரிவாக இருக்கிறது. ஒரு பெண்ணிடம், அதுவும் தன்னைவிட இளையவளிடம், வேலை கேட்டுச் செய்வது தனக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அதைப் படித்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான் சாய்ந்தார்கள். மேதையை அடையாளம் காணத் தெரியாத ஒரு சின்னப் பெண் என்பதாகவே மேபல் அந்தப் பக்கங்களில் நிலைத்துவிட்டார். பதில் சொல்ல மேபல் அப்போது உயிருடன் இல்லை. சுயசரிதை எதையும் அவர் எழுதி வைத்துவிட்டும் போகவில்லை.

நான் பல ஆண்டுகளாக இந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்ளின் சொன்ன அந்தத் தண்ணீர்க்குழாய் வேடிக்கை புதிதல்ல. 1895இல் பாரிஸில் லூமியே சகோதரர்கள் திரையிட்ட முதல் படங்களிலேயே, தோட்டக்காரர் ஒருவரைப் பையன் அப்படித்தான் ஏமாற்றுகிறான். திரைப்படத்தின் முதல் நகைச்சுவை என்று நாம் இந்தத் தொடரின் இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தது அதைத்தான். அன்று படப்பிடிப்புக்கு விளக்கு சூரியன் ஒன்றுதான். வெயில் இறங்குவதற்குள் ஷாட்டுகளை முடித்தாக வேண்டும். கார்கள் காத்து நிற்கின்றன, ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில், பத்தொன்பது வருடப் பழைய ஜோக்கைப் புதிதாகச் சொல்லும் ஒரு நடிகருக்கு 'இப்போது வேண்டாம்' என்று சொன்னது இயக்குநரின் வேலைதான். ஆகவே இந்த வாரம் நாம் காமிராவுக்குப் பக்கத்தில், மேபல் நின்ற இடத்தில் போய் நிற்போம்.

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் ஸ்டேட்டன் தீவில் 1892 நவம்பரில் பிறந்தவர் மேபல். தகப்பனார் பிரெஞ்சுக் கனடிய வழிவந்தவர், தச்சு வேலை. தாயார் ஐரிஷ் வழி. வீட்டில் வறுமை. பதின்வயதிலேயே மேபல் படகேறி நகரத்துக்கு வந்து ஓவியர்களுக்கு மாடலாக உட்கார்ந்தார். அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளில் பெண்ணழகுக்கு இலக்கணம் வகுத்த சார்லஸ் டானா கிப்சன், ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் ஆகியோரும் அவரை வரைந்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் வேலை அது. பிற்காலத்தில் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாதவர் என்று பெயரெடுத்த பெண் எப்படித்தான் அதைச் செய்தாரோ!

சினிமாவுக்குள் வந்தது பதினான்காம் தெருவில் இருந்த பயோகிராஃப் கம்பெனி வழியாக. அங்கே இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் ஆட்சி. இடையில் புரூக்ளினில் இருந்த வைட்டகிராஃப் கம்பெனியில் பருத்த உடல் நகைச்சுவை நடிகர் ஜான் பன்னியோடு சில படங்கள். பிறகு மீண்டும் பயோகிராஃப். நடிகர்களின் பெயரை வெளியிட்டால் சம்பளம் அதிகம் கேட்பார்கள் என்று பயோகிராஃப் பெயரையே மறைத்து வைத்த காலம் அது. இங்கிலாந்தில் படம் ஓட்டியவர்கள் ரசிகர்களின் நச்சரிப்புத் தாங்காமல் ஆளுக்கொரு கற்பனைப் பெயர் சூட்டினார்கள். அந்த ஊரில் மேபலுக்கு மியூரியல் ஃபோர்ட்டெஸ்க்யூ என்று பெயர். தன் முகத்துக்குக் கடல் கடந்து வேறு யாரோ பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

நீச்சலில் அவர் கெட்டி. 1911இல் 'த டைவிங் கேர்ள்' படத்தில் நீச்சலுடையில் தண்ணீருக்குள் பாய்ந்தார். அன்று அது பெரிய பேச்சு. 1912இல் 'எ டேஷ் த்ரூ த கிளௌட்ஸ்' படத்துக்காக விமானத்தில் ஏறினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஒன்பது ஆண்டுகூட ஆகவில்லை. சுற்றிலும் மறைப்பு இல்லாத, மரச்சட்டமும் துணியுமான விமானம். அதை ஓட்டிய பிலிப் பார்மலீ, படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு வேறோர் ஊரில் விமானம் விழுந்து இறந்துபோனார். மேபல் எந்த அபாயத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த இரண்டு படங்களையும் இயக்கியவர் கியூபெக்கிலிருந்து வந்த மேக் செனட். கிரிஃபித்தின் கம்பெனியில் நடிகராகச் சேர்ந்து, நகைச்சுவைப் படம் எடுக்க வேண்டும் என்று அலைந்தவர். 1912இல் முதலாளிகள் கிடைத்து கீஸ்டோன் கம்பெனியைத் தொடங்கியபோது மேபலையும் அழைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போனார். லாஸ் ஏஞ்சலிஸின் எடன்டேல் பகுதியில் கூடாரம் போன்ற ஒரு ஸ்டுடியோ. செப்டம்பர் 23 அன்று கீஸ்டோனின் முதல் வெளியீடு வந்தது. அதிலும் மேபல் நீச்சலுடையில்தான்: 'த வாட்டர் நிம்ஃப்'.

கீஸ்டோன் படம் எப்படி உருவாகும் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். கையில் திரைக்கதை கிடையாது. எக்கோ பார்க் ஏரிக்கரையில் காமிராவை நிறுத்துவார்கள். ஒரு பெண், இரண்டு ஆண், ஒரு போலீஸ்காரர். முடிவில் எல்லோரும் துரத்துவார்கள், யாராவது தண்ணீரில் விழுவார்கள். இந்தக் களேபரத்தில் மேபல் செய்த காரியம் வேறு. மற்றவர்கள் கையையும் காலையும் வீசிக் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் காமிராவுக்கு அருகில் நின்று, நினைப்பது முகத்தில் தெரியும்படி நினைப்பார். பொய் சொல்லப் போகிறாள் என்பது உதடு அசைவதற்கு முன் கண்ணில் வந்துவிடும். பெரிய கண்கள், அவற்றை வெறுமனே உருட்டாமல் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. கீஸ்டோனில் இதைச் செய்த முதல் ஆள் அவர். சாப்ளின் வந்தபோது அந்த ஸ்டுடியோவில் அவர் கற்றுக்கொள்ளத்தக்க நடிப்பு ஒருவரிடம்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

துணிச்சலுக்கும் குறைவில்லை. 1913இல் 'பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்' படத்தில் தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட பெண் அவர்தான். பழைய சினிமா என்றாலே தண்டவாளத்தில் கட்டிய பெண் என்று இன்று எல்லோரும் சொல்கிற படிமத்துக்கு ஒரு முக்கிய ஊற்று அந்தப் படம். அது நாடகமேடைப் பழசைக் கிண்டல் செய்ய எடுத்தது என்பது மறந்துபோய்விட்டது. அதே ஆண்டு 'எ நாய்ஸ் ஃப்ரம் த டீப்' படத்தில் கீஸ்டோனின் குண்டு நடிகர் ஆர்பக்கிளின் முகத்தில் பை பண்டத்தை எறிந்ததும் மேபல். சினிமாவில் முகத்தில் பை எறிந்த முதல் கை மேபலுடையது என்று கீஸ்டோன்காரர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னரே அந்தப் பண்டம் திரையில் பறந்திருக்கிறது. ஆனால் அதன்பின் நூறு கம்பெனிகள் எறிந்ததற்குக் காரணம் கீஸ்டோன்தான்.

1913 டிசம்பரில், மேபல் இனித் தன் படங்களைத் தானே இயக்குவார் என்று சினிமாப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதே மாதம், வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு சாப்ளின் கீஸ்டோனில் வந்து இறங்கினார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடைபாதைக் கல்லின் கதை புரியும். இருவருமே தங்களை நிரூபிக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொளதொளத்த காற்சட்டையும் பிரம்பும் தொப்பியுமாக சாப்ளின் முதன்முதலில் காமிரா முன் நின்றது 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்' படத்துக்காக. ஓட்டல் வராந்தாவில் இரவு உடையோடு அறைக்கு வெளியே மாட்டிக்கொண்ட பெண் மேபல்; கீழே குடித்துவிட்டுத் தடுமாறும் மனிதர் சாப்ளின். இரண்டு நாள் முந்திக்கொண்டு வேறொரு படம் வெளியாகிவிட்டதால் வரலாற்றில் அது இரண்டாவது இடத்துக்குப் போயிற்று. இயக்குநர் என்று இன்றைய பட்டியல்கள் மேபலின் பெயரைப் போடுகின்றன. உலகமே அறிந்த அந்த நாடோடி பிறந்த இடத்தில் ஒரு பெண் பொறுப்பில் இருந்தார் என்பதை எத்தனை புத்தகங்கள் அழுத்திச் சொல்கின்றன? நான் படித்தவற்றில் மிகக் குறைவு.

சரி, நடைபாதைக் கல்லுக்கு என்ன ஆயிற்று? அன்று மாலை செனட் கடும் கோபத்தோடு வந்தார். மறுநாள் தணிந்துவிட்டார். சாப்ளின் படங்கள் நன்றாக ஓடுகின்றன, இன்னும் அனுப்புங்கள் என்று நியூயார்க் முதலாளிகளிடமிருந்து தந்தி வந்திருந்தது. சமாதானம் ஆனது. சாப்ளினுக்குத் தானே இயக்கும் உரிமை கிடைத்தது. இதோடு பெரும்பாலான நூல்கள் மேபலை விட்டுவிடுகின்றன. ஆனால் சண்டைக்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து 'காட் இன் எ கேபரே' எடுத்தார்கள். உணவு விடுதிப் பணியாள் பெரிய மனிதராக வேஷம் போட்டுப் பணக்கார வீட்டுக்குள் நுழைகிற கதை. பிற்காலத்தில் சாப்ளின் திரும்பத் திரும்பக் கையாண்ட கதை. அந்த ஓராண்டில் ஏறக்குறைய ஒரு டஜன் படங்களில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். மேடை நடிகை மேரி டிரெஸ்லரை வைத்து செனட் இயக்கிய ஆறு ரீல் படமான 'டில்லீஸ் பங்ச்சர்ட் ரொமான்ஸ்' அவற்றில் பெரியது. முழுநீள நகைச்சுவைப் படம் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் டிரெஸ்லர் முழங்குகிறார், சாப்ளின் துள்ளுகிறார். படம் பார்க்கிற நம்மைக் கைபிடித்து நடத்திப்போவது மேபலின் முகம்.

அவர் தனியாக இயக்கியவற்றில் 'மேபல்ஸ் பிளண்டர்' கட்டாயம் பார்க்க வேண்டியது. காதலனை வேவு பார்க்க மேபல் டிரைவரின் உடுப்பை மாட்டிக்கொள்கிறாள். டிரைவர் அவள் கவுனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். ஆள்மாறாட்டக் கதையை அவர் எவ்வளவு சிக்கனமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2009இல் அது சேர்க்கப்பட்டது.

ஆர்பக்கிளோடு அவர் நடித்த படங்கள் வேறு ரகம். குண்டு மனிதரும் குட்டிப் பெண்ணும். 1916 ஜனவரியில் வந்த 'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்' படத்தில் புதுமணத் தம்பதியின் கடற்கரை வீடு இரவோடு இரவாகக் கடலில் மிதந்துபோய்விடுகிறது. காலையில் கட்டிலைச் சுற்றித் தண்ணீர். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் என் நினைவில் தங்கியிருப்பது அதற்கு முந்தைய சில விநாடிகள். மேபல் தூங்கிவிட்டாள். வாசலில் நிற்கும் ஆர்பக்கிளின் நிழல் சுவரில் விழுகிறது. அவர் நின்ற இடத்திலேயே மெல்லக் குனிகிறார். சுவரிலிருக்கும் நிழல் அவள் நெற்றியில் முத்தமிடுகிறது. பக்கெட்டும் பையும் பறக்கும் கம்பெனியில் இந்த மென்மை எங்கிருந்து வந்தது? மேபல் அங்கே இருந்ததால் வந்தது என்று நான் நம்புகிறேன். கண்மூடிப் படுத்திருக்கிறார், எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் காட்சி அவருடையது.

செனட்டுக்கும் அவருக்கும் திருமணம் என்று பேச்சு இருந்து, 1915இல் முறிந்தது. காரணம் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறு ஆண்டு அவர் பெயரிலேயே ஒரு படக் கம்பெனி தொடங்கி, தனி ஸ்டுடியோவும் கட்டிக்கொடுத்தார் செனட். லாஸ் ஏஞ்சலிஸின் பேட்ஸ் அவென்யூவில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்தக் கம்பெனி எடுத்த ஒரே படம் 'மிக்கி'. சுரங்க ஊரில் வளர்ந்த முரட்டுப் பெண் பணக்கார உறவினர் வீட்டில் வந்து மாட்டிக்கொள்ளும் கதை. முடித்த படம் வெளியாகாமல் பெட்டியில் கிடந்தது. 1918 ஆகஸ்டில் திரைக்கு வந்தபோது நாடே திரண்டது. படத்தின் பெயரிலேயே ஒரு பாட்டை எழுதி, இசைத்தாள் அச்சிட்டு விற்றார்கள்; படத்துக்காக எழுதப்பட்டு ஊரெல்லாம் பாடிய பாட்டுகளில் அது மிக முந்தியது. அதற்குள் மேபல், கோல்ட்வின் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். அங்கே எடுத்த பதினைந்து பதினாறு படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1921இல் செனட்டிடம் திரும்பி 'மாலி ஓ' நடித்தார். அதுவும் வெற்றி.

மேபலுக்கு நெஞ்சில் காசநோய் இருந்தது. எவ்வளவு காலமாக என்று சொல்வது கடினம். மெலிந்துபோவார், படப்பிடிப்பு நிற்கும், வதந்தி கிளம்பும். நோயாளிப் பெண்ணைப் பற்றி ஊர் பேசிய பேச்சுகளில் போதை மருந்துக் கதையும் ஒன்று. அடுத்து வந்த இரண்டு சம்பவங்கள் அந்தப் பேச்சுகளுக்கெல்லாம் எண்ணெய் வார்த்தன.

1922 பிப்ரவரி 1, மாலை ஏழு மணி. மேபல் வழியில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு, ஆல்வராடோ தெருவில் இருந்த இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரின் வீட்டுக்குப் போனார். புத்தகம் வாங்கிக்கொள்ள. டெய்லர் நிறையப் படித்தவர். பள்ளிக்கூடம் அதிகம் பாராத மேபலுக்கு அவர் தரும் புத்தகங்கள் மேல் ஆசை. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் கார்வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் காலை வேலைக்காரர் கதவைத் திறந்தபோது டெய்லர் தரையில் கிடந்தார், துப்பாக்கிக் குண்டு பாய்ந்து. கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. மேபல்மீது போலீஸ் வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் கடைசியாக டெய்லரைப் பார்த்தவர் என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. டெய்லருக்கு அவர் எழுதிய அன்பான கடிதங்களைப் பத்திரிகைகள் துருவின. அடுத்த இதழில் நாம் பார்க்கப்போகும் ஆர்பக்கிள் வழக்கு நடந்துகொண்டிருந்த வேளை அது. ஹாலிவுட் என்றாலே பாவக்கூடம் என்று தேவாலய மேடைகள் முழங்கிய வேளை.

1924ஆம் ஆண்டின் முதல் நாளே இன்னொரு அடி. கோர்ட்லண்ட் டைன்ஸ் என்ற எண்ணெய்த் தொழில் செல்வரின் வீட்டில் மேபலும், சாப்ளினின் கதாநாயகி எட்னா பர்வயன்ஸும் இருந்தபோது, மேபலை அழைத்துப்போக வந்த அவருடைய கார் டிரைவர் டைன்ஸைச் சுட்டுவிட்டார். துப்பாக்கி மேபலுடையது. டைன்ஸ் பிழைத்துக்கொண்டார், டிரைவர் விடுதலையானார். ஆனால் பல ஊர்களில் மேபல் படங்களைத் திரையிடக் கூடாது என்று தடை வந்தது. இரண்டு சம்பவங்களிலும் அவர் எவரையும் துன்புறுத்தவில்லை. இருந்த இடத்தில் இருந்தார், அவ்வளவுதான். இதை எழுதும்போது நூறு வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே, 1923இல் வந்தது 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்'. நடிகையாகும் கனவோடு ஹாலிவுட்டுக்கு வந்து, உடுப்பு அறையில் எடுபிடி வேலை பார்க்கும் கிராமத்துப் பெண். ஸ்டுடியோவில் சிங்க வேஷம் போட்ட நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திப் போவதாக நினைத்து, நிஜச் சிங்கத்தை இழுத்துக்கொண்டு போகிறாள். கயிற்றின் மறுமுனையில் வருவது எது என்று தெரியாத அந்த நடையின் சாவதானத்தைப் பாருங்கள். பிறகு தெரிந்துகொள்ளும் நொடியில் முகத்தைப் பாருங்கள். அப்போது அவருக்கு முப்பது வயது, உடல் நலிந்திருந்தது. கூடவே நடந்தது உண்மையான சிங்கம்தான்.

பிறகு மேடை நாடகம் ஒன்று, சரியாக ஓடவில்லை. 1926இல் ஹால் ரோச் கம்பெனியில் சில குறும்படங்கள். 'ராகெடி ரோஸ்' எழுதி இயக்கியவர்களில் ஸ்டான் லாரலும் ஒருவர். 'த நிக்கல் ஹாப்பர்' படத்தில் ஆலிவர் ஹார்டி தலைகாட்டுகிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு விருந்து முடிந்த பின்னிரவில் நடிகர் லூ கோடியோடு திருமணம். 1930 பிப்ரவரி 23 அன்று மன்ரோவியாவில் இருந்த காசநோய் மருத்துவமனையில் மேபல் இறந்தார். வயது 37. இறுதி ஊர்வலத்துக்குச் செனட், கிரிஃபித், கோல்ட்வின், சாப்ளின் எல்லோரும் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் கால்வரி கல்லறையில் அவர் பெயரின் கீழே பிறந்த ஆண்டாக 1895 என்று பொறித்திருக்கிறார்கள். அது தவறு.

இயக்குநர் மேபலைப் பற்றி நெடுங்காலம் பேச முடியாமல் போனதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அவர் தொடக்கத்தில் இயக்கிய படங்கள் கிடைக்கவில்லை. பழைய நைட்ரேட் ஃபிலிம் தானே சிதைந்து தூளாகும், தீப்பற்றும். அமெரிக்காவில் அவை போயேபோயின. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பிரதி ஊர் ஊராக ஓடி, கடைசியில் உலகத்தின் மறுகோடியில் இருந்த நியூசிலாந்துக்குப் போய்ச் சேரும். தேய்ந்துபோன பிரதியைக் கப்பல் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்புவது வீண் என்று அங்கேயே விட்டுவிடுவார்கள். சில தகரப் பெட்டிகளைப் படம் ஓட்டுகிறவர்களும் சேகரிப்பாளர்களும் வீட்டில் வைத்திருந்தார்கள். நியூசிலாந்து திரைப்பட ஆவணக் காப்பகம் அப்படிக் காத்து வைத்திருந்த அமெரிக்கப் படங்களில் சுமார் எழுபத்தைந்து, 2010 முதல் திரும்பி வரத் தொடங்கின. அவற்றுள் ஒரு பெட்டியில் 'வன் இன் எ கப்போர்ட்' என்ற தலைப்போடு ஒரு ரீல். அமெரிக்காவில் 'வன் இன் எ க்ளாசெட்' என்ற பெயரில் 1914 ஜனவரியில் வெளியானது அதுவே. மேபல் இயக்கி, தானே நடித்தவற்றில் இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய படம். சாப்ளின் அந்த நடைபாதைக் கல்லில் போய் உட்காருவதற்குச் சில வாரங்கள் முன்னால் திரைக்கு வந்தது.

அடுத்த இதழில் ஆர்பக்கிளின் மூன்று விசாரணைகள்.

(தொடரும்)